ஜாமீன் கையெழுத்து

வலது கையைக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து இருக்கிறது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார் நகல், பான் நகல், நல்ல கனம், அந்தக் கனத்துக்குக் கீழே கை பேசாமல் கிடக்கிறது. பேசாமல் என்று நான் சொல்லிக்கொள்கிறேனே தவிர உள்ளே அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசி உரசி, உப்புக்கல்லை நுணுக்குவதுபோல. பக்கத்து நாற்காலியில் ஹெப்சி. என் தம்பி எட்வினின் மனைவி. எட்வின் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் வேறொருத்தியோடு இருக்கிறான், கோர்ட்டில் எல்லாம் முடிந்து காகிதமும் வாங்கியாயிற்று, ஆகவே மனைவி என்று சொல்லக்கூடாது. வேறு என்னவென்று சொல்வது? தம்பிக்கு மனைவியாக இருந்தவள் என்றா? புருஷனின் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் அவள் என்னை இன்னும் மைனி என்கிறாள், நான் அவளை ஹெப்சி என்கிறேன், கோர்ட் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கடன் பிரிவு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், சின்ன வயசுப் பெண், மேஜையில் நித்யகல்யாணி என்று பெயர்ப்பலகை. எங்களுக்கு முன்னால் நாலு பேர். ஒரு டிராக்டர்காரர், ஒரு புருஷன் பெண்சாதி, அப்புறம் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஒருவர். அவர் தூங்கட்டும். நன்றாகத் தூங்கட்டும். அவர் எழுந்து போய் முடித்து வந்துவிட்டால் அடுத்தது நாங்கள், நான் கையை வெளியே எடுத்தாக வேண்டும்.

வந்தது வீட்டுக்காகத்தான். சமாதானபுரத்தில் அப்பா கட்டிய வீடு, எனக்கு இரண்டு வயசாக இருக்கும்போது கட்டியது, ஈரச் சிமெண்டில் என் கால் பதிந்துவிட்டது என்று அம்மா சொல்லுவாள், எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை. அப்பா தபாலாபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை. ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒரு சுவராகக் கட்டினாராம். எட்வினுக்கு எழுதி வைத்தார், எனக்கு நகை. எட்வின் அதைக் கோர்ட்டில் ஹெப்சிக்கும் மகள் ஷைனிக்கும் எழுதிக் கொடுத்தபோது பெருந்தன்மை என்று வக்கீல் சொன்னார். பெருந்தன்மையாவது, அப்போதே உத்திரத்தைக் கரையான் தின்று முடித்திருந்தது, மழை பெய்தால் பின்கட்டில் ஏழு இடத்தில் வாளி வைக்க வேண்டும். அப்புறம் அந்த டிசம்பர் மழை. இரண்டு நாள் நிற்காமல் பெய்து ஊரே தண்ணீரில் கிடந்தபோது காலையில் ஹெப்சி போன் பண்ணினாள். "மைனி, அடுக்களையில நின்னா ஆகாசம் தெரியுது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் முதலில் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துவிட்டேன். கூரைத் தளமான மட்டப்பா அப்படியே அடுப்பு மேல் விழுந்திருந்தது, அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால்தான் ஷைனி அங்கிருந்து தேயிலைத் தண்ணியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்திருக்கிறாள். அந்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றி ஹெப்சி ஒருநாளும் பேசியதில்லை. நானும் பேசுவதில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும், நாங்கள் எப்போது சேர்ந்து உட்கார்ந்தாலும் அந்த அஞ்சு நிமிஷமும் எங்களோடு உட்கார்ந்திருக்கிறது.

அதன் பிறகு மூன்று மாதம் அவர்கள் என்னோடு மகாராஜ நகர் வாடகை வீட்டில் இருந்தார்கள். எத்தனையோ வருஷமாக ஒற்றை ஆளுக்குச் சோறு பொங்கிப் பழகிய வீடு. திடீரென்று கொடியில் மூன்று பேர் துணி, சீப்பில் யார் யாருடைய முடியோ, குளியலறையில் பாட்டுச் சத்தம். ஹெப்சி மீன் குழம்பில் உப்பு கூடப் போடுவாள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அவளே ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்து, "ஏன் மைனி சொல்லல, ஹெட்மிஸ்ட்ரஸ்தானே நீங்க, தப்புன்னா சொல்லாண்டாமா?" என்பாள். மூன்று மாதம் கழித்து முன்கட்டைச் சுத்தம் பண்ணி, பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, வீட்டுக்குப் போகிறோம் என்றாள். இங்கேயே இரேன் என்று நான் சொன்னேனா? சொன்னேன், ஆனால் எப்படிச் சொன்னேன், ஆசிரியர் கூட்டத்தில் விருப்பமுள்ளவர்கள் இருக்கலாம் என்று சொல்வதுபோல. அவர்கள் போன அன்றைக்கு மூன்று பேருக்குப் பொங்கிவிட்டேன். கை அப்போது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது, அடுத்த அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துப் போடும்போது. நாற்பதாவது அட்டையோ ஐம்பதாவதோ. பேனா தானாக ஒரு நெளிவு போட்டது. மை சரியில்லை என்று பேனாவை மாற்றினேன். அடுத்த பேனாவும் நெளிந்தது. கர்த்தாவே, அன்றைக்கு மூன்று பேனா மாற்றினேன். மூன்று பேனாவையும் குப்பையில் போட்டேன், அப்போதும் கையைப் பார்க்கவே இல்லை, ஏதோ பேனாக்கள் எல்லாம் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்வதுபோல வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

அப்பாவின் கை. அதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் இருந்தேன். ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்தே அவருக்கு நடுங்க ஆரம்பித்துவிட்டது, கடிதங்களை அறைகளில் போடும்போது பக்கத்து ஊர் அறையில் விழுந்துவிடும், மேலதிகாரி திட்டினாராம். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் எடுத்துச் சாப்பிடும்போது சட்டை முழுக்க ஊற்றிக்கொண்டார், எதிர்வரிசையில் யாரோ ஜேக்கப் சார் பகல்லேயே போட்டுட்டு வந்துட்டாரு என்றார்கள். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. ஆனால் நடுக்கம் என்று சொல்வதைவிடக் குடி என்று அவர்கள் நினைத்துக்கொள்வதே மேல் என்பதுபோலப் பேசாமல் எழுந்து கை கழுவப் போனார். நான் பக்கத்தில் இருந்தேன், இருபத்திரண்டு வயசு, பயிற்சிக் கல்லூரி முடித்தவள், எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவள், எழுந்து நின்று எங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் பந்திக்கே போகவில்லை. இப்போது நான் போவதில்லை. கோயிலில் திருவிருந்து நாளில் திராட்சரசம் இருக்கிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுக்க வேண்டுமே என்று போன மூன்று மாதமாகக் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமல் இருக்கிறேன், போதகர் ஏதோ எனக்கு மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் காலையில் முதல் வேலையாகக் கையெழுத்துகளைப் போட்டுவிடுகிறேன், காலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும், பியூன் வெளியே போனதும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. பாதிக் காகிதங்களுக்கு ரப்பர் ஸ்டாம்பும் சுருக்கொப்பமும். நேற்று உதவித் தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. ஓய்வுக்கு இன்னும் மூன்றரை வருஷம். டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைக்காதவரைக்கும் அது வெறும் கைதான்.

"மைனி, டைல்ஸ் வேண்டாம், சிவப்பு ஆக்ஸைடே போட்டுருவோமா?" ஹெப்சி கோப்பைத் திறந்து இன்ஜினியரின் மதிப்பீட்டை நூறாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். "டைல்ஸ்ல தண்ணி கெடந்தா மாடியில இருக்கப்போற பிள்ளைக வழுக்கி விழும்." மாடியில் ஒரு பெரிய அறையும் குளியலறையும் எடுத்து நர்சிங் காலேஜ் பிள்ளைகள் நாலு பேருக்கு வாடகைக்கு விடுவது அவள் திட்டம், அந்த வாடகையிலேயே தவணை போய்விடும், பின்கட்டு முழுக்க இடித்துக் கான்கிரீட், முன்கட்டுக்கு உத்திரம் மாற்ற வேண்டும். பன்னிரண்டு லட்சம். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள், பதினாறு வருஷமாக, சம்பளம் கையில்தான் கொடுக்கிறார்கள், வங்கிக்கு அது சம்பளமே இல்லை. அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். அவள் என்னிடம் கேட்கவில்லை. ஷைனிதான் வாய் தவறிச் சொல்லிவிட்டது. நான் போன் பண்ணி, "ஏட்டி, எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன். "எப்படி மைனி கேக்க? நீங்க அந்தப் பக்கம்லா" என்றாள். அந்தப் பக்கம். நான் அந்தப் பக்கமா? பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனது நான்தான், எட்வின் லீவு கிடைக்காமல் வரவில்லை, இவள் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்று, சீனி போதுமா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இவள்தான் என்று வந்து சொன்னேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் இவள் வேறெங்கோ இடியாத ஒரு வீட்டில் இருந்திருப்பாள். அதனால்தான் கையெழுத்துப் போடுகிறேனா, பிராயச்சித்தமா இது? இல்லை. பிராயச்சித்தம் என்றால் இவ்வளவு சந்தோஷமாக இருக்காது. காலையில் இவள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. "வெளிச்சுவத்துக்கு மஞ்சப் பெயிண்ட் மைனி" என்கிறாள் இப்போது. "என்ன மஞ்சள்?" "மாம்பழ மஞ்ச." "மாம்பழத்துலயும் நூறு மாம்பழம் இருக்கே." "நல்ல பழுத்த மஞ்ச. தெரு முக்குல இருந்து பாத்தாலே நம்ம வீடுன்னு தெரியணும்." நம்ம வீடு என்கிறாள். அதை அவள் கவனிக்கவில்லை.

எட்வின் நேற்று சாயங்காலம் பேசினான். அவனுக்கு யார் சொன்னார்களோ. "அக்கா, நீ எதுக்கு ஜாமீன் போடுதே? அவ கட்டலன்னா உன் சம்பளத்துல பிடிப்பான், அப்புறம் நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?" என்றான். அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் கஷ்டம். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான், நான் அசைந்தால் முழித்துக்கொள்வான். அவன் கேட்டது முட்டாள்தனமான கேள்வியும் இல்லை. எனக்கு ஒன்று என்றால். ஒன்று என்பது ஏற்கெனவே வந்து விரல் நுனியில் உட்கார்ந்திருக்கிறதே, அவனுக்கு அது தெரியாதே. எனக்கே என் சேமிப்பு வேண்டியிருக்கும், மாத்திரை, ஆஸ்பத்திரி, அப்புறம் சட்டைப் பொத்தான் போட ஒரு ஆள். அப்பாவுக்கு அம்மா போட்டாள். கடைசி வருஷம் ஊட்டியும் விட்டாள். எனக்கு? அந்த இடத்தில் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, சந்தில் போன மாடு திரும்ப முடியாமல் நிற்பதுபோல, அப்புறம் மெல்லப் பின்னால் நகர்ந்து நகர்ந்து மஞ்சள் பெயிண்டுக்கே வந்து சேர்கிறது. பழுத்த மஞ்சள். நல்ல வெயிலில் கண்ணைக் கூசும். கூசட்டுமே. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எப்போது டிராக்டர்காரர் போனார், எப்போது அந்தப் புருஷன் பெண்சாதி போனார்கள், நான் கவனிக்கவே இல்லை.

ஹெப்சி கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "ஒண்ணு எடுங்க மைனி, காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டிய." வேண்டாம் என்றேன். வலது கை பைக்கு அடியில், இடது கையால் வாங்கினால் என்ன நினைப்பாள். அவள் பொட்டலத்தை மடக்கிக் கோப்புக்கு மேல் வைத்தாள்.   அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மைனி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாண்டாம்" என்றாள். கேளு என்றேன். "அவங்க போன் பண்ணினாங்களா?" யார் என்று கேட்கத் தேவையில்லை. ஆமா என்றேன். அவள் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்ததுபோல. "ஒங்களுக்கு மனசில்லன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருவோம். சத்தியமா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். காலைல இருந்து பாக்கேன், இந்தக் கோப்ப நீங்க கையால தொடல. படிச்சுப் பாருங்கன்னு மூணு தடவ நீட்டிட்டேன், நீயே வாசின்னுட்டிய. பையக் கெட்டியாப் பிடிச்சுட்டு இருக்கிய. பயம் இருக்கும்லா மைனி. பன்னெண்டு லெச்சம்னா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்." நான் அவளைப் பார்த்தேன். பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற கிழட்டு நாத்தனாரைத் தேற்றுகிறாள். வீடு இடிந்து கிடப்பது அவளுக்கு, தேற்றுவதும் அவள். ஒரே ஒரு வார்த்தை, கை சரியில்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் சொன்னால் இவள் அந்த நிமிஷமே கோப்பை மூடிவிடுவாள், எனக்குத் தெரியும், ஒங்க வைத்தியத்துக்கு வேணும் மைனி, எனக்கு வேண்டாம் என்று சொல்லித் தார்ப்பாயின் கீழே இன்னும் பத்து வருஷம் இருந்துவிடுவாள். சொல்லாவிட்டால் மனசில்லாமல் வந்தவள் என்று நினைப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் இவளுக்கு எதையாவது பறித்துக்கொண்டுதான் போகிறேன். "எனக்கு மனசுதான்" என்றேன். வறண்ட குரல். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவள் சரி மைனி என்றாள், நம்பாமல், அன்பாக.

உள்ளே கூப்பிட்டார்கள். நித்யகல்யாணிக்கு முப்பது வயசுகூட இருக்காது, தர்மபுரிப் பக்கமாம், பேச்சு வேறு மாதிரி. "ஜாமீன்தாரர் நீங்கதாங்களா மேடம்? பதினேழு எடத்துல போடணுங்க. பென்சில்ல இன்ட்டு போட்டு வெச்சிருக்கேன், மேல மேல போட்டுட்டே போங்க." பதினேழு. நான் ஒன்றிரண்டு என்று நினைத்திருந்தேன். கையை வெளியே எடுத்தேன். வெளிச்சத்தில் அது கொஞ்சம் திகைத்தாற்போல நின்றது, சரி, நிற்கிறது, இப்போதே போட்டுவிடு என்று பேனாவை வைத்தேன். என்னுடைய கையெழுத்து அழகானது, நான் சொல்லவில்லை, எல்லோரும் சொல்வார்கள். பயிற்சிக் கல்லூரியில் ஒரு நோட்டு முழுக்க எழுதி எழுதிப் பழகியது, ஆங்கிலத்தில் ஒரே வீச்சு, ஜே எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுற்றி வந்து பெயர் முழுவதற்கும் அடிக்கோடாகிவிடும், நடுவில் பேனாவை எடுக்கவே கூடாது. எடுக்கவில்லை. ஆனால் வால் இறங்கும்போதே உடைந்தது, சுற்றி வருகிற இடத்தில் மூன்று முடிச்சு, அடிக்கோடு இருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்த தடம். அதிகாரி அதைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். "மேடம், நீங்க கணக்கு ஆரம்பிச்சப்போ போட்டது சிஸ்டத்துல இருக்குங்க. அது மாதிரி வரலீங்களே. இந்த வெள்ளத்தாள்ல ஒரு தடவ போட்டுக் காட்டுங்க." போட்டேன். இன்னொன்று என்றார். போட்டேன். ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசம், பயந்தால் அது கூடும், கூடுகிறதே என்று பயந்தால் இன்னும் கூடும், மேஜையில் பேனா டக்டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது, தட்டுவது நான்தான். அதிகாரி மெதுவாகக் கேட்டார், ஹெப்சியைப் பார்த்து, என்னைப் பார்க்காமல். "வேற யாராச்சும் ஜாமீன் போட இருக்காங்களாக்கா?"

ஹெப்சி உடனே காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இருக்கட்டும் மேடம், நான் வேற ஆள் பாக்கேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதிய. நாந்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன். பழக்கமில்லாத காரியம்லா, பயந்துட்டாங்க, அதான் கை நடுங்குது." கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தாளாம். கோப்பின் நாடாவைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள், முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடியும் கட்டுகிறாள், அப்போதுதான் பார்த்தேன், அவள் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கத்தான் அவ்வளவு குனிந்து கட்டுகிறாள். எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி, என்னைக் காப்பாற்றி, வீட்டை விட்டுவிட்டுப் போகிறாள். என் வாய் திறந்துகொண்டது. காலைக் கூட்டத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல் வந்தது, வங்கி அவ்வளவு பெரியது இல்லை. "பயம் இல்ல ஹெப்சி. கட்டாத. மேடம், எனக்குக் கை நடுக்கம் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. எங்க அப்பாவுக்கும் இருந்தது. டாக்டரப் பாக்கல, பாக்கணும். ஜாமீன் போடுறதுல எனக்கு முழு சம்மதம், கைதான் சம்மதிக்கல. இனிமே என் கையெழுத்து இப்படித்தான் வரும். இத வெச்சு என்ன செய்யலாம்னு சொல்லுங்க." காசாளர் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஒரு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த இரண்டு விநாடிக்குத்தானா என்று இருந்தது. அப்பா, உங்களுக்கும் யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம்.

அதிகாரி கொஞ்சமும் பதறவில்லை. "அட, இதுக்கு வழி இருக்குங்க மேடம்" என்று டிராயரைத் திறந்தார். கைநாட்டு வைக்கலாமாம், அதற்கு இரண்டு சாட்சியும் டாக்டர் சான்றும் வேண்டும். கைநாட்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கைக்கு வருகிற அம்மாக்கள் பெருவிரலை நீட்டினால் உட்காருங்க என்று உட்கார வைத்து, பெயரை எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஆபீசில் மைப்பெட்டியே வைத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அதிகாரிக்குப் புரிந்திருக்கும். "இல்லேன்னா, கையெழுத்து மாறிப்போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, புதுசா மாதிரிக் கையெழுத்து வாங்கி சிஸ்டத்துல ஏத்திடறேன். அழகா இருக்கணும்னு இல்லீங்க. பதினேழு எடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா போதும்." "ஒரே மாதிரி நடுங்கணும், அப்படித்தானே?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஹெப்சி சிரிக்கவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ஆங்கில வீச்சு இனி ஆகாது. தமிழில் எழுதினேன், தனித்தனி எழுத்தாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல, எழுத்துக்கு எழுத்து பேனாவை எடுத்து, மூச்சு வாங்கி. ஜெ. ரூபவதி. 'ரூ'வில் சுழி இருக்கிறது, நடுக்கம் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. 'ப'தான் கஷ்டம், மூன்றும் நேர்க்கோடு, ஒளிய இடமே இல்லை. 'வ' பரவாயில்லை. 'தி'யின் மேல்வளைவு எங்கேயோ போய் நின்றது. வெள்ளத்தாளில் நான்கு முறை எழுதிக் காட்டினேன், நான்கிலும் அந்த வளைவு அதே இடத்தில்தான் போய் நின்றது. "இதாங்க மேடம், இதேதான்" என்றார் அதிகாரி. அப்புறம் ஒவ்வொரு பென்சில் குறியாக. ஹெப்சி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று காகிதம் நகராமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், கண்ணாடி வளையல் என் மணிக்கட்டில் உரசியது.  ஐந்தாவது கையெழுத்தில் 'ப' வழியில் சிக்கிக்கொண்டபோதுதான் வாயைத் திறந்தாள், தினமும் ஐம்பது பேரிடம் சொல்லுகிற அதே தட்டையான குரலில், "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். ப. "விடுங்க." விட்டேன். அப்படியே போனது, இழுத்துப் பிடிங்க, விடுங்க, பிடிங்க, விடுங்க, அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், பன்னிரண்டாவதில் கை ஓய்ந்து தண்ணீர் குடித்தேன், டம்ளரை ஹெப்சி பிடித்துக்கொண்டாள், எல்லோரும் பார்க்கத்தான். பதினேழு முடிந்தபோது தாள்களில் நான் வரிசையாக உட்கார்ந்திருந்தேன், கோணல் கோணலாக, ஆனால் ஒரே ஆள். வக்கீல் பார்த்து, இன்ஜினியர் ஒரு தடவை வீட்டை வந்து பார்த்து, பத்து நாளில் முதல் தவணைப் பணம் வந்துவிடும் என்றார் நித்யகல்யாணி. "மழைக்கு முன்னால கூரையப் போட்டுருங்கக்கா" என்றார் ஹெப்சியிடம். என்னிடம், "டாக்டரப் பாருங்க மேடம். எங்க பெரியப்பாவுக்கு மாத்திரைல நல்லா கொறஞ்சிருச்சு" என்றார்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஹெப்சி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள், வேகமாக, நன்றி சொல்லவில்லை, பெயிண்டைப் பற்றிப் பேசவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கடன் கிடைத்த முகமா இது? வேப்ப மரத்தடியில் ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் போய்விட்டு அங்கே நின்றாள். நான் போய்ச் சேர்ந்ததும், "சொன்னா நான் கடன் வேண்டாம்னு போயிருவேன்னுதானே மறைச்சிய?" என்றாள். ஆமா என்றேன். "போயிருப்பேன்தான்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவள் குரல் உடைந்தது, தெருவில் போகிறவர்கள் கேட்கும்படி, "ஒரு வருஷமா! அப்பாவுக்கு இருந்துச்சாம், இவளுக்கும் வந்துச்சாம், யார்ட்டயும் சொல்லாம தனியா உக்காந்து கைய ஒளிச்சு வெச்சுக்கிட்டு இருந்தாளாம். நான் ஒரு ஆஸ்பத்திரியில வேல பாக்கேன், நரம்பு டாக்டர் எனக்கு அடுத்த ரூம்ல இருக்காரு. நீ என்னதான் நெனச்சுட்டு இருக்கே மனசுல? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா யாரு வருவான்னு நெனச்சே? எட்வினா? நீ..." அதோடு நின்றுவிட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் மேடம், தெருவில் டீச்சர், கோயிலில் அம்மா. என் அம்மா போனபிறகு எட்வின் ஒருத்தன்தான், அவனும் மாதம் ஒரு தடவை, போனில். இது அப்படி இல்லை, பக்கத்தில் நின்று, வேர்த்து வடிந்து, கோபத்தில். நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல இருந்தது. "மன்னிச்சிருங்க மைனி, வாயில வந்துட்டு" என்றாள் மெதுவாக. "மன்னிப்பு எதுக்கு?" என்றேன். "நீன்னு ஆரம்பிச்சேல்லா, மிச்சத்தையும் அப்படியே சொல்லி முடி." அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், விளையாடுகிறேனா என்று. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். இன்றைக்கே எதற்கு, பள்ளிக்கூடத்துக்கு மதியம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே என்று ஆரம்பித்தேன்.

"ஏறு" என்றாள்.

ஏறினேன்.